பேசக்கூடாத ஒரு மணி நேரம்

ஜெல்லக்கா வலது கையால், உடம்பில் வைத்துப் பார்க்கும் புரோப்பைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் டிஷ்யூ தாளை நாலாக மடித்து அதன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, தாளைத் திருப்பி இன்னொரு இழுப்பு, பிறகு ஒயர் சேரும் இடுக்கில் விரல்நுனியால் ஒரு சுற்று. ஒரு நாளைக்கு முப்பது பேர் என்றால் முப்பது தடவை. கை தன் பாட்டுக்கு வேலை செய்யும். கண் திரையில் இருக்கும். அன்றைக்குத் திரையில் உறைந்து நின்றது சலூன்காரரின் கழுத்து.

"அண்ணே, எழுந்துக்காதீங்க. இன்னும் ஒரு தடவை பாத்துடறேன்" என்றாள்.

துடைத்த புரோப்பில் மறுபடியும் ஜெல்லைப் பிழிந்தாள். என்னைப் பார்த்துக் கதவைச் சாத்தச் சொன்னாள். அல்ட்ராசவுண்ட் அறையில் இருபத்திரண்டு வருடமாக இருப்பவள் அவள். அந்தக் கை எப்போதும் ஜெல்லில் வழுக்கும் என்பதால்தான் அந்தப் பெயர். வந்த ஊழியர்கள் எல்லாரும் அப்படியே கூப்பிட்டு, நிஜப் பெயரைச் சம்பளப் பட்டியல் எழுதுகிறவர் தவிர யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. நான் அவளைவிட நாலு வயது மூப்பு; நோயாளி பராமரிப்புப் பயிற்சி முடித்துவிட்டு, வார்டிலிருந்து ஸ்கேன் அறைகளுக்கு ஆட்களை அழைத்துப் போய் அழைத்து வரும் வேலையில் இருந்தேன். ஜெல்லக்கா கதவைச் சாத்தச் சொன்னால் ஏதோ கண்ணில் பட்டுவிட்டது என்று எனக்குத் தெரியும்.

சலூன்காரருக்கு நாலு மாதமாகக் குரல் கம்மியிருந்தது. கடையில் ஓயாமல் பேசுவதால் வந்தது என்று வெந்நீர் குடித்தே காலத்தைக் கடத்திவிட்டார். தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தபோது இடது குரல் நாணில் கட்டி. அந்தப் பக்கம் அசையவே இல்லை. சதைத் துண்டு எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று உறுதியானது. அடுத்து, அது எங்கெல்லாம் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் சி.டி. எடுத்தார்கள். கழுத்தில் உள்ள நெறியை, அதாவது நிணநீர் முடிச்சை, சி.டி. பெரும்பாலும் அளவை வைத்துத்தான் எடைபோடும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போனால் சந்தேகப்படும், சிறியதை அனேகமாக விட்டுவிடும். இவருக்கு எல்லாமே சிறியவை என்று அறிக்கை வந்தது. பிறகு எம்.ஆர்.ஐ. தசையையும் குருத்தெலும்பையும் அது தெளிவாகக் காட்டும்; ஆனால் நோயாளி அசையாமல், முடிந்தவரை எச்சில்கூட விழுங்காமல் கிடக்க வேண்டும். இவர் இருமி இருமிப் படம் கலங்கிப்போனது. அதற்குப் பிறகுதான் ஜெல்லக்காவிடம் அனுப்பினார்கள். கடைசியாக அனுப்பினார்கள் என்பதிலேயே அவளுக்கு ஒரு கோபம்.

"இங்க பாருங்க" என்று என்னிடம் திரையைக் காட்டினாள். இடது கழுத்தில் ஆறு மில்லிமீட்டரில் ஒரு நெறி. நல்ல நெறி என்றால் அவரை விதைபோல நீண்டு, நடுவில் வெள்ளையாக ஒரு கோடு ஓடும். இது மிளகு மாதிரி உருண்டையாக இருந்தது. நடுவில் கோடும் இல்லை. அன்றே டாக்டர் வந்தார். அவள் புரோப்பை அசையாமல் பிடித்துக்கொள்ள, அவர் திரையைப் பார்த்தபடி அதற்குள் ஊசி விட்டு உறிஞ்சினார். இரண்டு நாளில் முடிவு வந்தது. நோய் அங்கே போயிருந்தது.

சி.டி. விட்டதை அவள் பிடித்துவிட்டாள். தொண்டை டாக்டர் "நல்ல கண்ணு உங்களுக்கு" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் அந்த வார்த்தை அவளுக்கு ஒரு வாரத்துக்குப் போதும். "சரி, நெறிக்குப் போயிடுச்சுன்னா வேற எங்க போயிருக்குன்னும் பாக்கணும். பெரிய மெஷின்ல போட்டுடலாம்" என்றும் சொல்லிவிட்டார்.

பெரிய மெஷின் என்றால் பெட் ஸ்கேன். அதை இயக்குபவள் ஜெல்லக்காவின் ஓரகத்தி.

இவர்கள் புருஷன்மார் அண்ணன் தம்பி, ஒரே வீடு. மாடியில் பெரியவர் குடும்பம், கீழே சின்னவர் குடும்பமும் மாமியாரும். ஜெல்லக்கா அந்த மருத்துவமனைக்கு முதலில் அறிக்கை தட்டச்சு செய்யத்தான் வந்தாள். ஸ்கேன் அறையின் மூலையில் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டே திரையைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்து, மாலை வகுப்பில் இரண்டு வருடம் படித்துப் பாஸ் செய்தாள். அப்போது மூத்த பிள்ளை வயிற்றில். வீட்டில் யாரும் அதை ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழு வருடம் கழித்துச் சின்னவள் மருமகளாக வந்தாள், கையில் பட்டத்தோடு. அணு மருத்துவத் தொழில்நுட்பம் என்று அதற்குப் பெயர். அந்தப் பட்டச் சான்றிதழ் கீழ் வீட்டு வரவேற்பறைச் சுவரில் தொங்கியது. மாடிக்குப் போகும் படி அந்தச் சுவரைத் தாண்டித்தான் போகும்.

வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார், "சின்னவ அணுவ வச்சு வேலை பாக்குறா" என்பார். பெரியவள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், "அவளும் அங்கதான். வயித்துல வழவழன்னு ஏதோ தடவுவா" என்பார். இதை ஜெல்லக்கா எங்களிடம் நடித்தே காட்டுவாள். நாங்கள் சிரிப்போம். அவள் சிரிக்கமாட்டாள்.

பெட் ஸ்கேன் வந்த பிறகு அந்த எரிச்சல் முற்றிப்போனது. அந்தப் பகுதிக்குக் கண்ணாடிக் கதவு, சாய்வு நாற்காலிகள், சுவரில் மலைப் படம். ஜெல்லக்காவின் அறையில் திரைச்சீலையின் மூன்று கொக்கிகள் போய், ஊக்கு குத்தி நிறுத்தியிருந்தாள். வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் பார்வையிட வந்தால் அவள் அறையைத் தாண்டி அங்கே போவார்கள். சின்னவள் சட்டையில் கதிர்வீச்சை அளக்கும் ஒரு சிறு அட்டை குத்தியிருப்பாள். அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சே கிடையாது, அந்த அட்டைக்கு அங்கே வேலையும் இல்லை. இருந்தும் தனக்கு ஏன் ஒன்று தரக்கூடாது என்று ஜெல்லக்கா கண்காணிப்பாளரிடம் போய்க் கேட்டாள். ஆபத்தை அளக்கும் பொருளின் மேலும் ஒருத்திக்குப் பொறாமை வரும் என்று அன்றுதான் பார்த்தேன்.

சின்னவள் வாயாடி இல்லை. எங்கே பார்த்தாலும் "அக்கா, சாப்டீங்களா" என்பாள். அதுதான் ஜெல்லக்காவுக்குப் பொறுக்காது. "திமிரா ஒரு வார்த்தை பேசித் தொலைச்சான்னா எனக்கும் திட்ட வசதியா இருக்கும்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

மெஷின் வந்த புதிதில் ஊழியர் எல்லாருக்கும் சின்னவள் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாள். நான் போனேன். ஜெல்லக்கா அந்த நேரத்துக்கு ஆறு பேருக்கு ஸ்கேன் நேரம் கொடுத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். சின்னவள் சொல்லித் தான் கேட்பதா என்பதுதான் உண்மையான காரணம்.

அன்று சின்னவள் சொன்னது இதுதான். நோயாளிக்கு ஏற்றும் மருந்து ஒருவகைச் சர்க்கரை. புற்றுநோய்ச் செல்களுக்குப் பசி அதிகம்; அவை அதை அள்ளித் தின்று படத்தில் ஒளிரும். தலை முதல் தொடை வரை ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடலாம், நுரையீரலில் இருந்தாலும் ஈரலில் இருந்தாலும் தெரியும். ஆனால் மிகச் சிறியது ஒளிராமல் போகலாம், புண்ணும் சளியும்கூட ஒளிரலாம். வேலை செய்கிற தசையும் சர்க்கரையைத் தின்னும். அதனால் தொண்டை நோயாளியை மருந்து ஏற்றியபின் ஒரு மணி நேரம் பேசவே விடக்கூடாது. பேசினால் குரல் நாண் வேலை செய்யும். நோய் இல்லாத இடம் நோய் மாதிரித் தெரியும்.

ஜெல்லக்காவின் அறையில் விஷயமே வேறு. கழுத்தில் புரோப்பை வைத்துக்கொண்டு "ஈ...ன்னு சொல்லுங்கண்ணே, ஏதாவது பேசுங்கண்ணே" என்பாள். நாண் அசைவது அப்போதுதான் தெரியும். இருபத்திரண்டு வருடம் தொண்டை நோயாளிகளைப் பேச வைத்தே பிழைத்தவள். பெட் ஸ்கேன் அறைக் கதவில் 'பேசாதீர்கள்' என்று பலகை தொங்குவதைப் பார்த்து, கோயிலா இது, என்ன பந்தா என்று சொல்லிவிட்டுப் போவாள்.

சலூன்காரரின் நாள் வந்தது. நான்தான் அழைத்துப் போனேன். சின்னவள் மருந்தை ஏற்றி, சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, போர்வை போர்த்தி, வாயில் விரலை வைத்துக் காட்டினாள். அவர் தலையாட்டினார். அவருடைய மனைவி வெளியே நின்று, "இவரு ஒரு மணி நேரம் பேசாம இருந்தா அதையும் ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க" என்றாள். சின்னவள் அடுத்த ஆளை மெஷினில் ஏற்றப் போனாள். நான் வார்டுக்குப் போனேன்.

நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பியபோது ஜெல்லக்கா அந்த அறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தாள். முகத்தில் ஒரு திருப்தி. அப்போதே நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும். படுக்கை மாற்ற ஒரு கிழவர் காத்திருந்தார், நான் கேட்கவில்லை. என் தப்பு அது.

அவள் உள்ளே போனதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. தான் பிடித்த நெறியைப் பற்றி அங்கே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. அவரிடம் இரண்டு கேள்விதான் கேட்டாளாம். அந்தப் பொண்ணு உங்க கழுத்தைத் தொட்டாவது பார்த்ததா என்பது ஒன்று. நான் என் அறையில் பார்த்தது நன்றாக இருந்ததா, இங்கே பார்த்ததா என்பது இன்னொன்று. முடிவெட்டுகிறவரிடம் கேள்வி கேட்டால் என்ன ஆகும்? கம்மிய குரலிலேயே ஆரம்பித்துவிட்டார். நீங்க பாத்த மாதிரி யாரும் பாக்கலைம்மா என்றார். அதைக் கேட்க அவள் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தாள். பிறகு கடையின் கதை, வழுக்கைத் தலையோடு வாராவாரம் வரும் ஒரு வாடிக்கையாளரின் கதை, மாமனாரோடு போட்ட சண்டை என்று முப்பது நிமிடத்துக்கு மேல் போயிருக்கிறது.

புதன்கிழமை நண்பகலில் டாக்டர்கள் கூடி ஒவ்வொருவருக்கும் என்ன சிகிச்சை என்று முடிவெடுப்பார்கள். தன் நெறி பேசப்படும் என்பதால் ஜெல்லக்கா பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். அங்கே நடந்ததைப் பின்னால் அவளே எனக்குச் சொன்னாள்.

பெட் படத்தைப் போட்டார்கள். நுரையீரல் சுத்தம், ஈரல் சுத்தம். அவள் பிடித்த நெறி அதில் ஒளிரவே இல்லை. படம் படிக்கும் டாக்டர், ஆறு மில்லிமீட்டர் இந்த மெஷினுக்குச் சின்னது, அல்ட்ராசவுண்டும் ஊசியும் இல்லாவிட்டால் தவறியிருக்கும் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். சின்னவள் குனிந்து எழுதிக்கொண்டாள். அந்த நிமிடம் எப்படி இருந்தது என்று ஜெல்லக்கா என்னிடம் ஒளிக்காமல் சொன்னாள். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லையாம்.

அடுத்த படம் குரல் பெட்டி. இடது பக்கம் கட்டி ஒளிர்ந்தது. வலது பக்கமும் பளிச்சென்று ஒளிர்ந்தது. குழாயில் பார்த்தபோதே வலது பக்கம் லேசாகச் சிவந்திருந்தது என்றார் தொண்டை டாக்டர். எம்.ஆர்.ஐ.யும் கலங்கல். படம் படிக்கும் டாக்டர் சின்னவளிடம் திரும்பி, மருந்து ஏற்றியபின் அவர் பேசினாரா என்று கேட்டார். இல்லை டாக்டர், நானே சொல்லித்தான் படுக்கவைத்தேன் என்றாள் அவள். இரண்டு பக்க நாணும் ஒன்றுபோல் ஒளிர்ந்திருந்தால் பேச்சுதான் காரணம் என்று யாரும் பிடித்துவிடுவார்கள். இவருக்கு இடது பக்கம் அசையாது. பேசினால் உழைப்பது வலது பக்கம் மட்டும். அது பார்க்க நோய் தாண்டிப் போன மாதிரியே இருக்கும் என்று டாக்டர் விளக்கினார். பேசவில்லை என்றால் நோய்தான். ஒரு பக்கமாக இருந்தால் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்துக் குரலைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம். இனி குரல் பெட்டியை முழுவதும் எடுத்துவிட்டு, மூச்சு விடக் கழுத்தில் துளை வைத்துவிடலாம் என்று எழுதினார்கள்.

ஜெல்லக்கா வாயைத் திறக்கவில்லை. எழுந்து தன் அறைக்கு வந்தாள். எதிரில் வந்த என்னிடம் தன் நெறியைப் பற்றி மட்டும் சொன்னாள். "அவ மெஷினுக்குக் கண்ணு தெரியல. நான்தான் புடிச்சேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாங்க" என்றாள். கேட்டுவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போனேன்.

மூன்று மணிக்குச் சலூன்காரரை அவளிடம் அழைத்துப்போகச் சொல்லி வார்டிலிருந்து சீட்டு வந்தது. அறுவை சிகிச்சைக்காக அந்த நெறி இருக்கும் இடத்தைக் கழுத்தில் மையால் குறிக்க வேண்டும். அதற்குள் டாக்டர் அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார். கட்டிலில் படுத்தார். ஜெல்லக்கா புரோப்பை வைத்தாள், நெறியைக் கண்டுபிடித்தாள், மைப்பேனாவை எடுத்தாள். அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரம் பேசாமல் அவரை நான் பார்த்ததில்லை.

குறித்து முடிக்கும்போது, "எங்க கடையில ரேடியோ கெடையாதும்மா. நான் வச்சதே இல்ல" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. கழுத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

அவரை வார்டில் விட்டுவிட்டு வந்தபோது, அந்த அறையில் நோயாளி யாரும் இல்லாமல் அவள் உட்கார்ந்திருந்தாள். வெளியே வரிசை நின்றது. அன்று நீ அந்த அறைக்குள் எதற்குப் போனாய் என்று கேட்டேன். சொன்னாள். அதன்பிறகு கூட்டத்தில் நடந்தது முழுவதையும் சொன்னாள்.

"இப்ப போய்ச் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? அந்த மெஷின் சரியாத்தான் இருக்கு, இவதான் கெடுத்தான்னு ஆயிடும். நான் நெறியப் புடிச்சது யாருக்கும் ஞாபகம் இருக்காது. வீட்டுலயும் தெரிஞ்சிடும். மாமியார் வாழ்நாள் பூரா இதையே சொல்லிக் காட்டுவாங்க" என்றாள்.

"எல்லாம் ஆகும். அதுக்காக அந்த மனுசன் கழுத்துல ஓட்டை போட்டுக்கணுமா?" என்றேன்.

"நீங்க போய்ச் சொல்லுங்களேன்."

"நான் சொன்னா கேள்விப்பட்டதா ஆகும். பேச வச்சது நீ. எழுந்திரு."

ஆறுதல் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அவள் கையைக் கழுவினாள், இரண்டு முறை சோப்பு போட்டு. பிறகு நடந்தாள். வரிசையில் நின்றவர்களிடம் கால் மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டு நானும் பின்னால் போனேன்.

சின்னவள் கணினி முன்னால் இருந்தாள். எங்களைப் பார்த்ததும், "வாங்கக்கா, உக்காருங்க" என்றாள். ஜெல்லக்கா உட்காரவில்லை.

"சலூன்காரர் அன்னிக்குப் பேசினாரு. நான்தான் உள்ள போனேன்."

சின்னவளின் கை விசைப்பலகையிலேயே நின்றது. "எவ்ளோ நேரம்?"

"அரை மணிக்கு மேல இருக்கும்."

"யாரு பேசினது, நீங்களா அவரா?"

"நான் ரெண்டு கேள்வி கேட்டேன். மிச்சமெல்லாம் அவருதான்."

"எதுக்குக்கா உள்ள போனீங்க?"

ஜெல்லக்கா சுவரில் இருந்த மலைப் படத்தைப் பார்த்தாள். "உன்னைவிட நான் நல்லாப் பாத்தேன்னு அவர் வாயால கேக்கத்தான்."

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். கேட்டதற்கு உள்ளதைச் சொல்லிவிட்டாள். சின்னவளுக்குக் கோபத்தில் காது மடல் சிவந்துவிட்டது.

"கூட்டத்துல அத்தனை பேர் முன்னாடி பேசலன்னு சொல்லிட்டு நிக்கறேன் நான். நீங்க பின்னாடி உக்காந்து கேட்டுட்டு இருந்தீங்க" என்றாள். குரல் உயரவில்லை. "பாடம் எடுத்தப்பவும் கூப்பிட்டேன், நீங்க வரல. நான் என்னக்கா பண்ணேன் உங்களுக்கு?"

"நீ ஒண்ணும் பண்ணல. அதான் பிரச்சனை."

சின்னவள் போனை எடுத்துத் தொண்டை டாக்டரை அழைத்தாள். அந்தப் பக்கம் எடுத்ததும் போனை ஜெல்லக்காவிடம் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா என்னைக் காப்பாத்திக்கச் சொல்ற மாதிரி இருக்கும்." ஜெல்லக்கா சொன்னாள். மறுமுனையில் டாக்டர் கத்தியது எனக்கே கேட்டது. அவள் ஒவ்வொன்றுக்கும் "ஆமா டாக்டர்" என்றாள். வெளியே வந்ததும், "அவளும் ரெண்டு கத்து கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். இதுலயும் பெரிய மனுசி ஆயிட்டா" என்று முனகினாள். அவ்வளவு நடந்த பிறகும் அது அடங்கவில்லை.

மறுபடி படம் எடுப்பது என்று டாக்டர் முடிவு செய்தார். அந்த மருந்து நினைத்த நேரத்தில் கிடைக்காது. தினமும் காலையில் ஈயப் பெட்டியில் வரும்; சில மணி நேரத்தில் வீரியம் போய்விடும். மறுநாள் பட்டியலில் இருந்த ஓர் அம்மாவுக்கு ரத்தத்தில் சர்க்கரை எகிறிக் கிடந்ததால் அவரைத் தள்ளிவைத்திருந்தார்கள். அந்த இடத்தில் சலூன்காரரை வைத்தார்கள். இரவு பத்து மணிக்கு மேல் தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்று நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஏன் மறுபடி என்று அவர் மனைவி கேட்டாள். உள்ளதைச் சொன்னேன். அவள் புருஷனைப் பார்த்து, "உங்க வாயி இருக்கே" என்று தொடங்கிவிட்டு அழுதாள்.

மறுநாள் காலை ஏழேகாலுக்கு மருந்து வந்தது. சின்னவள் ஏற்றினாள். அவர் வாயைப் பொத்தியபடி படுத்தார். மனைவியையும் உள்ளே விடவில்லை, என்னையும் விடவில்லை. ஒரு மணி நேரம் சின்னவளே கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தை மட்டும் எடுத்தார்கள். இடது பக்கம் கட்டி அப்படியே இருந்தது. வலது பக்கம் இருட்டு. அறுவை சிகிச்சைச் சீட்டைத் தொண்டை டாக்டர் கிழித்துப் போட்டுவிட்டு, கதிர்வீச்சுப் பிரிவுக்கு எழுதினார்.

ஒன்பது மணிக்குச் சின்னவள் ஒரு படிவத்தோடு அல்ட்ராசவுண்ட் அறைக்கு வந்தாள். படம் மறுபடி எடுக்கப்பட்டதற்கான காரணத்தை அதில் எழுத வேண்டும். நோயாளி பேசினார் என்று எழுதி முடித்துவிடலாம். அவள் அப்படி எழுதவில்லை. அனுமதியின்றி ஊழியர் உள்ளே சென்று நோயாளியைப் பேச வைத்ததால் என்று முழுவதும் எழுதி, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள். ஜெல்லக்கா அதை இரண்டு தடவை படித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

சின்னவள் போனதும், "கையெழுத்துகூட முத்து முத்தா இருக்கு பாத்தீங்களா அவளுக்கு" என்றாள் என்னிடம். பிறகு அடுத்தவரை உள்ளே அனுப்பச் சொன்னாள். வெளியே பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.